கெட்ட ஆண்டின் கணக்கு

கருமத்தம்பட்டியை அடுத்த ஒரு சிற்றூரில் விவசாயிகள் கூட்டம் ஒன்று நடைபெற்றது. வீரிய ஒட்டுப் பருத்தி ஏக்கருக்கு எவ்வளவு விளையும், எவ்வளவு இலாபம் தரும் என்பதை அதிகாரிகளாகிய நாங்கள் விரிவாக எடுத்துரைத்தோம். வந்திருந்தோர் அனைவரும் பொறுமையுடன் கேட்டனர். முடிவில், மூன்று ஏக்கர் மேட்டாங்காடு உடைய முதியவர் ஒருவர் எழுந்தார். “நல்ல வருசத்துல எவ்வளவு வருமுன்னு சொன்னீங்க. கெட்ட வருசத்துல எவ்வளவு போகுமுன்னு சொல்லலீங்களே!” என்றார்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எங்களிடம் விடை எழவில்லை.

சிறு விவசாயி புதிய முறைகளை எளிதில் ஏற்பதில்லை என்ற குறை, கிராம அபிவிருத்திப் பணி தொடங்கிய 1952-ஆம் ஆண்டு முதலே கேட்கப்பட்டு வருகிறது. அறியாமை, சோம்பல், பழைமைப் பற்று என்று அதற்குப் பல பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. அந்த முதியவரின் கேள்வியை ஆராய்ந்து பார்ப்போமாயின், இப்பெயர்களுள் ஒன்றும் பொருந்தாது என்பது விளங்கும். அவர் கணக்குத் தெரியாதவர் அல்லர். நாம் போடாத ஒரு கணக்கை அவர் போடுகிறார். நஷ்டம் நேரக்கூடும் என்னும் அபாயத்தின் கணக்கே அது.

சராசரியும் கெட்ட ஆண்டும்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காகக் கூறப்படுபவையே. மானாவாரி நிலத்தில் சோளம் விதைக்க ஏக்கருக்கு 6,000 ரூபாய் செலவு என்க. தானியமும் தட்டும் சேர்ந்து நல்ல ஆண்டில் 14,000 ரூபாயும், நடுத்தர ஆண்டில் 11,000 ரூபாயும், மழை பொய்த்த ஆண்டில் 7,000 ரூபாயும் பெறுமென்க. செலவு போக நிற்பது முறையே 8,000, 5,000, 1,000 ரூபாய். அதே நிலத்தில் பருத்தி பயிரிட 25,000 ரூபாய் செலவு. வரவோ நல்ல ஆண்டில் 60,000, நடுத்தர ஆண்டில் 40,000, கெட்ட ஆண்டில் 5,000 ரூபாய். அதாவது 35,000 இலாபம், 15,000 இலாபம், 20,000 நஷ்டம்.

மூன்று ஆண்டுகளையும் கூட்டிச் சராசரி கண்டால், சோளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,700 ரூபாயும் பருத்தி 10,000 ரூபாயும் தருகின்றன. பருத்தியின் வருவாய் சோளத்தின் வருவாயைப்போல் இரண்டு பங்குக்கு மேல். ‘இதை ஏன் ஏற்க மறுக்கிறார்கள்?’ என்று நாம் வியக்கிறோம்.

ஆனால் எந்தக் குடும்பமும் சராசரி ஆண்டில் வாழ்வதில்லை. ஒவ்வோர் ஆண்டாகவே வாழ்கிறது. மூன்று ஏக்கரிலும் பருத்தி போட்ட முதல் ஆண்டே கெட்ட ஆண்டாக வாய்த்தால் நஷ்டம் 60,000 ரூபாய். அதனை நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் வெளியே வாங்கினால், ஓராண்டு வட்டி மட்டும் 14,400 ரூபாய் ஆகும். மூன்று ஏக்கர் சோளத்தின் சராசரி இலாபமோ 14,000 ரூபாய். ஆக, ஒரு கெட்ட ஆண்டு நேர்ந்தபின், சோளத்துக்கே திரும்பினாலும் அதன் இலாபம் முழுவதும் வட்டிக்குப் போய்விடும். அசல் அப்படியே நிற்கும். பின்னால் வரவேண்டிய நல்ல ஆண்டுகளைக் காணும் வரை அவர் களத்தில் நிலைத்திருக்க முடியாது.

முப்பது ஏக்கரும் சேமிப்பும் உடையவர் அக்கெட்ட ஆண்டைக் கடந்து சென்று சராசரியை எட்டிப் பிடிக்கிறார். மூன்று ஏக்கர் உடையவரைப் பொறுத்தமட்டில் சராசரி என்பது எட்டாத பலாக்காய். சோளமே கையில் உள்ள களாக்காய். “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது” என்னும் பழமொழியை நாம் நகைச்சுவையாகக் கூறுகிறோம். உண்மையில் உழுபவர் எப்போதும் கணக்குப் பார்த்தே வருகிறார். மிஞ்சுவது எவ்வளவு என்பதைக் காட்டிலும், முழுகாமல் இருப்பது எப்படி என்பதே அவருடைய முதற்கணக்கு.

முன்னோர் கண்ட காப்புகள்

கொங்கு நாட்டின் இப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்தது. கோவைச் சமவெளியில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. அது தவறினால் ஆண்டே தவறியதாகும். இத்தகைய நிலத்தில் வாழ்ந்த நம் முன்னோர், காப்பீட்டு நிறுவனங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே தமக்குத் தாமே காப்பீடு செய்துகொண்டனர்.

புரட்டாசிப் பட்டத்தில் சோளம் விதைப்பதன் நுட்பத்தைக் காண்க. மழை நன்றாகப் பெய்தால் தானியம் கிடைக்கும். கதிர் பிடிக்கும் தறுவாயில் மழை நின்றுவிட்டாலும் தட்டு எஞ்சும். அத்தட்டு போராக உயர்ந்து கோடை முழுவதும் மாடுகளைக் காக்கும். மாடு பாலைத் தரும். பால் நாள்தோறும் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்லும். தானியம் பொய்த்தாலும் அடுப்பு அணையாது. சோளத்தோடு தட்டைப்பயறும் பச்சைப்பயறும் கலந்து விதைப்பதும், நிலக்கடலையில் துவரையை ஊடே விடுவதும், ஓரங்களில் ஆமணக்கு ஊன்றுவதும் இந்நோக்கம் கொண்டவையே. ஒன்று கைவிட்டால் மற்றொன்று கைகொடுக்கும்.

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் காணும் கொறங்காடு மற்றுமொரு சான்று. கிளுவை வேலி சூழ்ந்த நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, காங்கயம் மாடுகளையும் ஆடுகளையும் மேய விடுகின்றனர். ஏர் பூட்டினால் கிடைக்கக்கூடிய பெரிய இலாபத்தை விட்டுக்கொடுத்து, சிறிதாயினும் தவறாத வருவாயை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். நம் கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் காட்டை உழும் குடும்பமே வீட்டோரத்தில் விசைத்தறியும் ஓட்டுவது உண்டு. மழையையும் நூல் விலையையும் ஒருசேர நம்பாமல், ஒன்றுக்கு ஒன்று துணையாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

ஒரே மனிதர், இரண்டு மனம்

அவ்வாறாயின் கொங்கு விவசாயி துணிவற்றவரா? வரலாறு அதற்கு மாறாகவே கூறுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியப் பருத்தி நம் நாட்டுக்கு வந்தபோது, அதனை விரைந்து கைக்கொண்டோருள் கோவை மாவட்டத் தோட்டக்காரர்கள் முன்னணியில் நின்றனர். காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்த அவர்களே, 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் மின்சாரப் பம்புகளைத் தயங்காமல் கிணற்றில் இறக்கினர். பிற்காலத்தில் மஞ்சள், வாழை, புதிய கரும்பு ரகங்கள் ஆகியவற்றையும் ஏற்றுக்கொண்டனர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கிணற்றுப் பாசனம் உள்ள தோட்டத்தில் புதிய பயிரை வரவேற்ற அதே விவசாயி, பக்கத்திலிருந்த தம் மானாவாரிக் காட்டில் சோளத்தை விடவில்லை. ஒரே மனிதர், ஒரே அறிவு, வேலிக்கு இப்புறம் துணிவு, அப்புறம் தயக்கம். வேறுபாடு அவருடைய மனத்தில் இல்லை, நிலத்தில் இருந்தது. கிணறு உள்ள இடத்தில் கெட்ட ஆண்டின் பள்ளம் ஆழமில்லாது போயிற்று. ஆகவே அங்கே அவர் துணிந்தார். ஒருவரைத் துணிய வைப்பது நாம் செய்யும் சொற்பொழிவன்று. அவர் காலடியில் உள்ள தரையே என்பதை இது காட்டும்.

ஆராய்ச்சி கூறுவது

இவ்வுண்மையை ஆராய்ச்சியும் உறுதிப்படுத்தியுள்ளது. ஹைதராபாதை அடுத்த பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்னும் சர்வதேச ஆராய்ச்சி நிலையம், 1975 முதல் ஆந்திர, மகாராஷ்டிர மாநிலங்களின் மானாவாரிக் கிராமங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்தது. அங்கே பணியாற்றிய ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்னும் பொருளியல் அறிஞர் கிராமவாசிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். காசைச் சுண்டுவதற்குமுன் ஒருவர் தமக்கு வேண்டிய ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் 50 ரூபாய்’ என்பது ஓர் ஏற்பாடு. ‘ஒன்று விழுந்தால் ஒன்றுமில்லை, மற்றொன்று விழுந்தால் 200 ரூபாய்’ என்பது மற்றொரு கோடி. இவற்றுக்கு இடையே பல படிகள். விளையாட்டு வெறும் பேச்சாக இல்லாமல், வென்ற பணம் கையிலேயே கொடுக்கப்பட்டது.

1980-இல் வெளியான முடிவு சிந்தனைக்குரியது. சிறு தொகைக்கு ஆடியபோது பலவாறாகத் தேர்ந்தெடுத்தவர்கள், தொகை உயர்ந்தபோது பெரும்பாலும் இடைப்பட்ட எச்சரிக்கையை மேற்கொண்டனர். செல்வருக்கும் ஏழைக்கும் இதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை! அவ்வாறிருக்க, வயலில் மட்டும் செல்வர் உரமும் புதுவிதையும் வாங்குவதும் ஏழை தயங்குவதும் ஏன்? மனநிலையில் இருவரும் ஏறத்தாழ ஒன்றே. கடன் கிடைக்கும் வசதியும், நஷ்டத்தைத் தாங்கும் கைப்பொருளுமே வேறு.

பின்னர் 1993-இல் அவரும் மார்க் ரோசன்ஸ்வீக் என்பவரும் அதே கிராமங்களின் கணக்குகளை ஆராய்ந்தனர். பருவமழை எப்போது வரும் என்னும் நிச்சயமின்மை கூடக்கூட, வறிய குடும்பங்கள் இலாபம் குறைந்த பாதுகாப்பான வழிகளுக்கு ஒதுங்கின. மழையின் அபாயம் ஓரளவு குறையுமாயின், வறுமையில் கடைசி நாலில் ஒரு பங்கினரின் பண்ணை இலாபம் 35 சதவிகிதம் வரை உயரக்கூடும் என்று அவர்கள் கணித்தனர். அதாவது, அபாயத்துக்கு அஞ்சி ஏழை ஆண்டுதோறும் ஒரு விலை கொடுத்து வருகிறார். மழை பொய்த்த ஆண்டில் மட்டுமன்று, நன்றாகப் பெய்த ஆண்டிலும் அவ்விலையைக் கொடுக்கிறார்.

நான் கண்ட நஷ்டம்

இவையனைத்தையும் நூல்களில் படிப்பதற்குமுன், 2016-ஆம் ஆண்டே எனக்குப் பாடமாக அமைந்தது. அவ்வாண்டு புரட்டாசியில், மானாவாரி விவசாயி ஒருவரை வற்புறுத்திச் சோளத்துக்குப் பதிலாக நிலம் முழுவதும் பருத்தி விதைக்கச் செய்தேன். தமிழ்நாட்டில் அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது.

பருத்தி போனதோடு துன்பம் நிற்கவில்லை. பருத்தியில் தட்டு ஏது? தீவனமின்றி அவர் தம் இரண்டு கறவைகளையும் விற்றார். ஊரெல்லாம் விற்க முற்பட்ட வேளையாதலால் சந்தையில் விலையும் இல்லை. மாடு போனதால் பாற்பணமும் நின்றது. ஒரு பயிரின் நஷ்டம் என்று நான் கணக்கிட்டிருந்தது, மூன்று நஷ்டங்களாக அவர் வீட்டில் இறங்கியது. பின்னர் அவரைச் சந்தித்தபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “சோளமா இருந்தா தட்டாச்சும் நின்னிருக்குமுங்க” என்று மட்டும் கூறினார். அச்சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை.

அச்சமே சூதாக மாறும் இடம்

எச்சரிக்கையே விவசாயியின் இயல்பு என்றால், ஆழ்துளைக் கிணற்றில் மட்டும் அவர் இலட்சக்கணக்கில் ஏன் இறைக்கிறார் என்று கேட்கலாம். 2016–17 வறட்சியில் இம்மாவட்டத்தில் தென்னைகள் பட்டுப்போனதைக் கண்டோம். பல ஆண்டு வளர்த்த மரம் கண்ணெதிரே சாயும்போது, இழப்பைத் தடுக்கும் வெறியில் ஒருவர் ஆயிரம் அடியும் அதற்கு மேலும் துளைக்கிறார். முதல் துளை பொய்த்தால், போட்ட பணத்தை மீட்கவேண்டி இரண்டாவது. அதுவும் பொய்த்தால் நகையை வைத்து மூன்றாவது. ஆதாயத்தை நாடி அவர் இச்சூதை ஆடவில்லை. உள்ளதை இழக்கும் அச்சமே அவரைச் சூதில் தள்ளுகிறது.

நம் பகுதியின் அடித்தளம் கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையிலும், கீழே ஆங்காங்குள்ள வெடிப்புகளிலுமே நீர் தங்கும். வெடிப்பு இல்லாத இடத்தில் ஆழம் கூடுவதால் மட்டும் நீர் கூடாது. பக்கத்துக் காட்டில் வந்தது என்பதால் நம் காட்டிலும் வரும் என்ற உறுதி இல்லை. ஆகவே துளைக்கும் இயந்திரம் வருவதற்கு முன்பே, ‘இத்தனை அடி, இத்தனை ரூபாய், இதற்கு மேல் இல்லை’ என்று குடும்பத்தார் கூடி எல்லை வகுத்துக்கொள்வது நலம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் முடிவு நிதானமாக இராது.

விலையின் அபாயம்

மழையை வென்றாலும் விலை நிற்கிறது. சின்ன வெங்காயமும் தக்காளியும் ஓராண்டு உச்சத்தில் விற்றால், மறுபட்டத்தில் ஊரே அவற்றை நடுகிறது; எல்லார் விளைச்சலும் ஒருங்கே சந்தைக்கு வருகையில், பறிகூலிக்கும் கட்டாமல் தக்காளி காட்டிலேயே விடப்படுகிறது. கடந்த பட்டத்தின் விலையைப் பார்த்து நடுவது, போன பேருந்தைப் பார்த்து ஓடுவதற்கு ஒப்பாகும். வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காத்துவைப்பவர் சில மாதங்களேனும் இவ்வபாயத்திலிருந்து தப்புகிறார்.

வேறு சிலர் விலையின் அபாயத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கின்றனர். உடுமலைப்பேட்டை, பல்லடம் பகுதிகளில் பரவிய ஒப்பந்தக் கறிக்கோழி வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையவை. விவசாயிக்கு வளர்ப்புக் கூலி. சோமனூரில் பாவும் ஊடையும் வணிகரிடம் வாங்கிக் கூலிக்கு நெய்வதும் இத்தகையதே. நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் தறிக்காரருக்குச் சேதமில்லை. ஆனால் இலாபமும் வணிகருடையதே. தவிரவும், கொட்டகைக்கும் தறிக்கும் போட்ட முதல் அவருடையது. கூலி நியாயமாக உயரவில்லையேல், அபாயத்தை விற்றதற்குப் பெருவிலை கொடுத்தவராகிறார். ஆதலின் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் கூலி, காலம், இறப்புச் சேதம் யாரைச் சேரும் என்பவற்றைப் படித்தறிவது இன்றியமையாதது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றே: நல்ல ஆண்டின் இலாபத்தைப் பெரிதாகக் காட்டுவதால் விவசாயி மாறமாட்டார், கெட்ட ஆண்டின் நஷ்டத்தைச் சிறிதாக்கினால் தாமே மாறுவார். இதற்குப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக்கூடியவை பல.

முதலாவது, புதிய பயிரைப் பற்றிய எந்தக் கூட்டத்திலும் இலாபக் கணக்கோடு நஷ்டக் கணக்கையும் கேட்டுப் பெறுங்கள். மழை பாதியானால் என்னாகும், விலை பாதியானால் என்னாகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கூறாத அதிகாரியை விடாதீர்கள். நானாயினும் சரியே.

இரண்டாவது, சிறு அளவில் சோதிக்கும் வழக்கத்தை வளர்க்க வேண்டும். முன்கூறிய கணக்கில் மூன்று ஏக்கருள் அரை ஏக்கரில் மட்டும் பருத்தியும் எஞ்சியதில் சோளமும் விதைத்தால், கெட்ட ஆண்டில் நஷ்டம் 7,500 ரூபாயே; 60,000 அன்று. நல்ல ஆண்டிலோ 37,500 ரூபாய் கிடைக்கும். முழுவதும் சோளமாயின் 24,000தான். அடுத்த பட்டத்தில் அவர் தம் கண்ணால் கண்டதைக் கொண்டு முடிவு செய்வார்.

மூன்றாவது, நீர். அவினாசி–அத்திக்கடவுத் திட்டம் பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2024 ஆகஸ்டு 17-ஆம் நாள் தொடங்கப்பட்டது. பவானியின் உபரிநீர் 1.5 டி.எம்.சி.யைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளில் நிரப்புவது அதன் நோக்கம். அதில் சேர்ந்த குட்டையாயினும் சேராததாயினும், வரத்து வாய்க்காலில் முள்ளும் குப்பையும் நிறைந்திருந்தால் நீர் வந்தும் பயனில்லை. வாய்க்காலைத் தூர் வாருவதும், பண்ணைக் குட்டை அமைப்பதும் கெட்ட ஆண்டின் பள்ளத்தைத் தூர்ப்பதற்கு ஒப்பாகும். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் உண்டு என்பதையும் எடுத்துக் கூறவேண்டும்.

நான்காவது, பயிர்க் காப்பீடு. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறிவிக்கப்பட்ட உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் விவசாயி செலுத்தும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்குக் காரிப் பருவத்தில் 2 ரூபாய், ராபிப் பருவத்தில் ஒன்றரை ரூபாய். வணிகப் பயிர், தோட்டப் பயிர்களுக்கு 5 ரூபாய். ஆனால் பரவலான மகசூல் இழப்பு, அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்கும் அறுவடைச் சோதனை மூலம் கணக்கிடப்படுகிறது. ஒருவர் காட்டில் மட்டும் பூச்சியால் விளைச்சல் குறைந்தால் இழப்பீடு வராது. இதை முன்பே தெளிவாக்கிவிட்டால், பின்னர் ‘ஏமாற்று’ என்ற பேச்சு எழாது. கடைசி நாளையும் கிராம சபையில் அறிவித்தல் வேண்டும்.

ஐந்தாவது, கடன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்றுத் தவணை தவறாது செலுத்துவோர்க்கு வட்டியில்லை. அதே நஷ்டம் வெளிக்கடனில் நேர்ந்தால் குடும்பத்தை அழிக்கும்; சங்கக் கடனில் நேர்ந்தால் ஓராண்டுத் துன்பத்தோடு முடியவும் கூடும். ஊரில் சங்க உறுப்பினராகாத சிறு விவசாயிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது ஒவ்வோர் உறுப்பினரின் கடமையாகும்.

ஆறாவது, தீவனம். வறட்சியில் முதலில் விற்கப்படுவது கறவையே. நல்ல ஆண்டில் பால் சங்கத்தின் துணையோடு தட்டைச் சேர்த்து வைப்பதும், பொது நிலத்தில் கொழுக்கட்டைப்புல் வளர்ப்பதும், ஒரு பயிரின் நஷ்டம் மூன்று நஷ்டங்களாகப் பெருகாமல் தடுக்கும்.

கூட்டத்தில் எழுந்து கேட்ட முதியவரை மறுபட்டத்தில் கண்டேன். இரண்டரை ஏக்கரில் சோளம். கிணற்றோரம் அரை ஏக்கரில் பருத்தி. “இது போனாலும் தாங்குமுங்க” என்றார். அவர் பயந்தவருமல்லர், துணிந்தவருமல்லர். தாங்கும் அளவை அறிந்தவர். அந்த அளவு அரை ஏக்கரிலிருந்து ஒரு ஏக்கராக, ஒன்றரை ஏக்கராக உயர்வதற்கான தரையை அமைத்துக் கொடுப்பதே, பஞ்சாயத்துக்கும் எங்களைப் போன்ற அலுவலர்க்கும் உரிய பணியாகும்.